முதுகுக்கும் நெஞ்சுக்கும் என்ன சம்பந்தம்?

இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி. (விலங்கியல்)

“முதுவுல போட்ட ஊசிக்கும் நெஞ்சுக்கும் என்னடா சம்பந்தம்? நீதான காலேஜுல படிக்கிற, சொல்லு!”

பெரியாஸ்பத்திரியில், அறுவை அரங்கிற்கு வெளியே இருந்த சிமெண்டுப் பெஞ்சில் உட்கார்ந்துகொண்டு என் பெரியப்பா இப்படிக் கேட்டார். சற்றுமுன்தான் மயக்க மருந்து டாக்டர் வெளியே வந்து, என் தந்தையின் முதுகில் ஊசி போட்ட சிறிது நேரத்தில் நாடித்துடிப்பு 30க்குக் கீழே இறங்கிவிட்டது, மருந்து கொடுத்துச் சரிசெய்துவிட்டோம், இனிப் பயமில்லை என்று சொல்லிவிட்டு மறுபடி உள்ளே போயிருந்தார்.

எங்கள் குடும்பத்தில் பத்தாம் வகுப்பைத் தாண்டியவன் நான் ஒருவன்தான். அதிலும் விலங்கியல் படிப்பவன். தவளையின் இதயத்தை வண்ணப் பென்சிலால் வரைந்து ‘நன்று’ வாங்கியவன். ஆனால் பெரியப்பாவின் கேள்விக்கு என்னிடம் விடை இல்லை. “உடம்புக்கு ஏதோ ஒத்துக்கல பெரியப்பா” என்றேன். அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். ‘இதைச் சொல்வதற்கா உனக்குப் பஸ் பாஸும் புத்தகமும்?’ என்று அந்தப் பார்வை கேட்டதுபோல் இருந்தது.

அதன்பின் சில வாரங்கள் நூலகத்திலும், எங்கள் விலங்கியல் பேராசிரியரின் அறை வாசலிலும் நான் நின்றதன் பயனே இக்கட்டுரை. பெரியப்பா கேட்ட கேள்வி நம் கல்லூரியில் பலருடைய வீடுகளிலும் கேட்கப்படக்கூடியது என்பதால் இம்மலரில் எழுதுகிறேன்.

என் தந்தை மண்டியில் மூட்டை தூக்கும் தொழிலாளி. பதினேழு வயதில் தொடங்கியவர், இன்று நாற்பத்தாறு வயதிலும் லாரியிலிருந்து மூட்டை இறக்குகிறார். அந்த வேலையின் பரிசாக அவருக்குக் கிடைத்தது குடலிறக்கம். வயிற்றுச் சுவரில் பலவீனமான இடத்தின் வழியே குடல் பிதுங்கி வெளியே இறங்குவதையே அப்படிச் சொல்கிறோம். அறுவை செய்துதான் ஆகவேண்டும் என்றார்கள். அதற்குமுன் ஒரு தாளில் கையெழுத்துக் கேட்டார்கள். அந்தத் தாளைப் பற்றி எனக்கு ஒரு கணக்கு இருக்கிறது. அதைப் பின்னால் சொல்கிறேன்.

முதலில் முதுகைப் பார்ப்போம். நம் முதுகெலும்பு ஒரே எலும்பன்று. ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய முள்ளெலும்புகளின் கோவை. அந்தக் கோவையின் நடுவே உள்ள குழாயில் மூளையிலிருந்து இறங்கி வரும் தண்டுவடம் இருக்கிறது. தண்டுவடத்தைச் சுற்றித் தெளிந்த நீர்போன்ற ஒரு திரவம் உண்டு. பெரியவர்களுக்குத் தண்டுவடம் இடுப்பு முள்ளெலும்புகளில் முதலாவது அல்லது இரண்டாவதன் மட்டத்திலேயே முடிந்துவிடுகிறது. அதற்குக் கீழே குதிரைவால் போலப் பிரிந்து தொங்கும் நரம்புகளும் திரவமும் மட்டுமே. ஆகையால் மூன்றாம், நான்காம் இடுப்பு முள்ளெலும்புகளுக்கு நடுவே ஊசியை நுழைத்தால் அது தண்டுவடத்தைக் குத்துவதில்லை. ‘முதுவுல ஊசி போட்டா நரம்பு அறுந்து கால் விளங்காமப் போயிடும்’ என்று எங்கள் தெருவில் சொல்வார்கள். அந்த அச்சத்திற்கு விடை, இயற்கை விட்டுவைத்திருக்கும் இந்த இடைவெளியில் இருக்கிறது. திரவத்தில் மரத்துப்போகச் செய்யும் மருந்து இரண்டு மூன்று மில்லி லிட்டர் கலந்தால் போதும். சில நிமிடங்களில் இடுப்புக்குக் கீழே உணர்ச்சி போய்விடுகிறது. நோயாளி விழித்துக்கொண்டே இருப்பார்.

இதைக் கண்டவர்களின் கதை சுவையானது. 1898ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் ஜெர்மனியின் கீல் நகரில் ஆகஸ்ட் பியர் என்ற அறுவை மருத்துவர், நோயாளிகள் சிலருக்கு இம்முறையில் கொக்கெய்ன் செலுத்தி அறுவை செய்தார். சிலருக்குப் பின்னர் கடும் தலைவலியும் வாந்தியும் வந்தன. காரணம் அறியத் தம் உடம்பிலேயே சோதிக்க முனைந்தார். உதவியாளர் ஹில்டெபிராண்ட் ஊசியைப் போட்டார். ஆனால் ஊசிக்குழாய் ஊசியோடு பொருந்தவில்லை. முதுகுத் திரவம் வழிந்ததுதான் மிச்சம். உடனே ஹில்டெபிராண்ட், ‘எனக்குப் போடுங்கள்’ என்று முதுகைக் காட்டினார். அவர் கால் மரத்ததும் பியர் அதைக் குத்தினார், கிள்ளினார், எரியும் சுருட்டால் சுட்டார், முழங்காலுக்குக் கீழே இரும்புச் சுத்தியலால் தட்டினார். ஹில்டெபிராண்டுக்கு வலிக்கவே இல்லை. வெற்றியைக் கொண்டாட இருவரும் மது அருந்திச் சுருட்டுப் புகைத்தார்கள். மறுநாள் முதல் இருவருக்கும் தலைவலி! பியர் பல நாள் படுத்தே கிடந்தார். ஹில்டெபிராண்டின் காலில் சுத்தியல் பட்ட இடங்கள் கன்றிப்போயிருந்தன.

தலைவலிக்குக் காரணம் திரவம் கசிவதுதான் என்பது பிற்பாடு தெளிவாயிற்று; மெல்லிய ஊசிகள் வந்தபின் அது மிகவும் குறைந்துவிட்டது. ஆனால் நாம் தேடுவது தலைவலியை அன்று, இதயத்தை. கால் மரக்கவேண்டிய மருந்து இதயத்திற்கு எப்படிப் போயிற்று?

போகவில்லை என்பதுதான் விடை. இந்த இடத்தில்தான் நானும் முதலில் தடுமாறினேன். மருந்து இரத்தத்தில் கலந்து இதயத்தைத் தாக்கியிருக்கும் என்று நினைத்தேன். முதுகுத் திரவத்தில் செலுத்தும் மருந்தின் அளவு அதற்குப் போதாது என்றார் பேராசிரியர். மருந்து இதயத்தைத் தொடவில்லை. இதயத்திற்குப் போகும் கட்டளையைத்தான் தொட்டது.

இதயத்திற்கு இரண்டு வகை நரம்புகள் உண்டு. பரிவு நரம்புகள் அதை முடுக்குகின்றன. எதிர்ப்பரிவு நரம்பான வேகஸ் அதை அடக்குகிறது. ஆஸ்திரியாவின் கிராட்ஸ் நகரில் ஆட்டோ லோவி 1921இல் வெளியிட்ட ஆய்வு நம் பாடத்தில் இருக்கிறது. ஒரு தவளை இதயத்தின் வேகஸ் நரம்பைத் தூண்டி அதன் துடிப்பைக் குறைத்தார், அந்த இதயம் நனைந்திருந்த நீரை எடுத்து இன்னொரு தவளையின் இதயத்தில் விட்டார், அதுவும் மெதுவாயிற்று. இதற்காக 1936இல் நோபல் பரிசின் பங்கும் பெற்றார். நானும் இதைத் தேர்வில் ஒரு பக்கம் எழுதி ஐந்து மதிப்பெண் வாங்கினேன். அந்தத் தவளைக்கு நேர்ந்தது என் தந்தைக்கு நேர்ந்தபோது எனக்கு அடையாளம் தெரியவில்லை.

இப்போது இந்த இரு நரம்புகளும் புறப்படும் இடத்தைக் கவனியுங்கள். வேகஸ் மூளையின் அடிப்பகுதியிலிருந்து நேரே கழுத்து வழியாக இறங்குகிறது; முதுகில் போடும் ஊசி அதை எட்டுவதில்லை. முடுக்கும் நரம்புகளோ தண்டுவடத்தில் மார்புப் பகுதியின் முதல் நான்கு மட்டங்களிலிருந்து கிளம்புகின்றன. மருந்து திரவத்தில் மேலேறி அந்த மட்டத்தை எட்டிவிட்டால் முடுக்கும் கை கட்டப்படுகிறது. அடக்கும் கை அவிழ்ந்தே இருக்கிறது. மாட்டு வண்டியில் தார்க்குச்சியைப் பிடுங்கிக்கொண்டு மூக்கணாங்கயிற்றை மட்டும் வண்டிக்காரன் கையில் விட்டால் என்ன ஆகும்? வண்டி நிற்கத்தானே செய்யும்?

‘மருந்து அவ்வளவு மேலே ஏறுமா?’ என்று கேட்கலாம். இதற்குப் பெரிதும் பயன்படும் பியூபிவகெய்ன் மருந்தில் சர்க்கரை கலந்து, முதுகுத் திரவத்தைவிடக் கனமாக்கியிருப்பார்கள். உட்காரவைத்து ஊசி போட்டால் அது கீழே இறங்கும். மல்லாந்து படுக்கவைத்ததும் முதுகெலும்பின் வளைவு காரணமாக ஒரு பகுதி நடு மார்புப் பக்கம் வழியும். குடலிறக்க அறுவைக்குத் தொப்புளுக்கு மேலே வரையிலாவது மரக்கவேண்டும். ஆகவே ஓரளவு ஏறத்தான் வேண்டும். இதில் இன்னொரு நுட்பம்: வலியுணர்ச்சி எந்த மட்டம்வரை மரத்திருக்கிறதோ, பரிவு நரம்புகள் அதற்கு இரண்டு மூன்று மட்டம் மேலேயும் மரத்திருக்கும். டாக்டர் கிள்ளிப் பார்க்கும்போது மார்புக்குக் கீழேதான் மரத்திருப்பதாகத் தெரியும். அதற்குள் மேலே முடுக்கும் நரம்பு தூங்கத் தொடங்கியிருக்கலாம்.

இதோடு முடியவில்லை. இரத்தக் குழாய்களைச் சுருக்கி வைத்திருப்பவையும் பரிவு நரம்புகளே. அவை மரத்ததும் கால்களிலும் வயிற்றிலும் உள்ள குழாய்கள் தளர்ந்து விரிகின்றன. வாய்க்கால் அகலமாகிவிட்டால் தண்ணீர் அங்கேயே தேங்குமல்லவா? இதயத்திற்குத் திரும்பி வரும் இரத்தம் குறைகிறது; இரத்த அழுத்தம் விழுகிறது. சாதாரணமாக இரத்த அழுத்தம் விழுந்தால் இதயம் வேகமாகத் துடித்து ஈடுகட்டும் என்றுதான் படித்திருக்கிறோம். ஆனால் இதயத்தின் வலது மேலறை போதிய அளவு நிரம்பி விரியாதபோது, துடிப்பைத் தொடங்கிவைக்கும் கணுவும் மந்தமாகிறது. சில வேளை, நிரம்பாத இதயத்திலிருந்து கிளம்பும் ஓர் அனிச்சைச் செயல் வேகஸை இன்னும் தூண்டிவிடுகிறது. வேகம் கூட்டவேண்டிய நேரத்தில் இதயம் வேகத்தைக் குறைக்கிறது. அது மிஞ்சிப்போனால் நின்றேவிடும்.

இதைப் படித்தபின், உள்ளே என்ன நடந்தது என்று என் தந்தை சொன்ன ஒவ்வொன்றும் எனக்கு விளங்கிற்று. “கொட்டாவி கொட்டாவியா வந்துச்சு. வாந்தி வர்ற மாதிரி குமட்டுச்சு. டிக் டிக்னு கேட்டுக்கிட்டிருந்த மிசின் சத்தம் தூரமாப் போச்சு. யாரோ ரெண்டு காலையும் தூக்கிப் புடிச்சாங்க.” கொட்டாவியும் குமட்டலும் மூளைக்கு இரத்தம் குறைவதன் முன்னறிவிப்பு. காலைத் தூக்கியது தேங்கிய இரத்தத்தை இதயத்திற்குத் திருப்பிவிட. சிரை வழியே கொடுத்த அட்ரோப்பின் வேகஸின் பிடியைத் தளர்த்தும் மருந்து. எஃபெட்ரின் குழாய்களைச் சுருக்கி இதயத்தை முடுக்கும். அவற்றுக்கும் அடங்காவிட்டால் அட்ரீனலின். அதற்கும் தேவையிருந்தால் மார்பை அழுத்தி இதயத்தை இயக்குதல். என் தந்தைக்கு முதல் இரண்டோடு நின்றது.

இனி ஒரு விந்தை. சேர்க்கையன்று நாடி பார்த்த நர்ஸ் அக்கா, “52தான் இருக்கு. நல்ல உழைச்ச உடம்பு!” என்றார். எனக்குப் பெருமையாக இருந்தது. பல்லாண்டு கடினமாக உழைத்தவர்களின் இதயம், ஓட்டக்காரர்களின் இதயம்போலவே, ஓய்வில் மெதுவாகத் துடிப்பது உண்டு. வேகஸின் பிடி அவர்களிடம் வலுவாக இருப்பதுதான் காரணம். முடுக்கும் நரம்பை மரக்கச் செய்தால் அப்படிப்பட்டவர்களுக்குத்தான் துடிப்பு சட்டென்று விழ வாய்ப்பு அதிகம். ஓய்வில் 60க்குக் குறைந்த நாடி, இளம் அல்லது நடு வயது, வேறு நோயில்லாத உடம்பு ஆகியவற்றையே மருத்துவ நூல்கள் இங்கே எச்சரிக்கைக் குறிகளாகச் சொல்கின்றன. நோயாளிக்குத்தான் ஆபத்து, பலசாலிக்கு இல்லை என்று நாம் போடும் கணக்கு இந்த ஓரிடத்தில் தலைகீழ்.

இது எவ்வளவு அரிது? பிரான்ஸ் நாட்டில் திரட்டி 1997இல் வெளியிட்ட ஒரு பெரிய ஆய்வில், முதுகுத் திரவத்தில் ஊசி போட்ட 40,640 பேரில் 26 பேருக்கு இதயம் நின்றது. அவர்களில் 6 பேர் இறந்தனர். அதாவது ஏறத்தாழ 1,500 பேரில் ஒருவருக்கு நின்றது. நின்றவர்களிலும் பெரும்பாலோர் பிழைத்தனர். அதற்கு முன்னர் 1988இல் அமெரிக்காவில் வெளிவந்த ஒரு கட்டுரை இதைவிட என்னைக் கலக்கியது. நட்டஈட்டு வழக்குகளின் கோப்புகளிலிருந்து, ஆரோக்கியமாக இருந்தும் இந்த ஊசிக்குப்பின் இதயம் நின்ற 14 பேரின் விவரத்தை அதில் ஆராய்ந்திருந்தார்கள். ஆறு பேர் மருத்துவமனையிலேயே இறந்தனர். பிழைத்த எட்டுப் பேரில் ஒருவர் மட்டுமே தம் வேலையைத் தாமே பார்த்துக்கொள்ளும் அளவிற்குத் தேறினார். அட்ரீனலின் கொடுக்கத் தாமதித்ததும், தூக்க மருந்தினால் நோயாளியின் நிலை மாறுவது உடனே தெரியாமற்போனதும் அதில் சுட்டப்பட்டன. ஊசி போட்ட உடனே மட்டுமன்றி அரைமணிக்குப் பிறகும் இது நேரலாம் என்பதும் தெரிந்தது. விரலில் மாட்டி நாடியையும் இரத்தத்தின் ஆக்சிஜனையும் காட்டும் கருவியை (அதன் மூலத் தத்துவத்தைத் தந்தவர் ஜப்பானின் தக்குவோ அவோயாகி, அறிவித்தது 1974இல்) இன்று அறுவை அரங்கில் முழுநேரமும் மாட்டியே வைத்திருக்கிறார்கள். அப்பா கேட்ட ‘டிக் டிக்’ அதுதான். அந்த ஓசையின் இடைவெளி நீண்டதைக் கேட்டுத்தான் டாக்டர் திரும்பிப் பார்த்திருப்பார்.

‘அப்படியானால் முழு மயக்கமே கொடுத்துவிடலாமே’ என்று பெரியப்பா கேட்டார். நல்ல கேள்வி. முழு மயக்கத்தில் மூச்சுக்குழாயில் குழல் நுழைக்கவேண்டும். குழல் சரியாக நுழையாமற்போகலாம். வயிற்றில் உள்ளது நுரையீரலுக்குள் போகலாம். அதுவும் அரிது, ஆனால் இல்லாமல் இல்லை. வயிறு பெருத்த கர்ப்பிணிக்கு இந்த ஆபத்துகள் கூடுதல் என்பதால்தான் சிசேரியனுக்குப் பெரும்பாலும் முதுகு ஊசியைத் தேர்ந்தெடுக்கிறார்கள். எங்கள் அத்தை மகள் நிறைமாதமாக இருக்கிறாள். அப்பாவின் கதை தெருவெல்லாம் பரவி, “எனக்கு முதுவுல ஊசி வேணாம்” என்று அவள் அழத் தொடங்கியிருந்தாள். நடந்ததில் பாதிதான் அவள் காதுக்கு எட்டியிருந்தது: ‘ஊசி போட்டாங்க, நெஞ்சு நின்னுபோச்சு.’ மீதிப் பாதியை நானே போய்ச் சொன்னேன். இதயம் நிற்கவில்லை, மெதுவாயிற்று. அதைப் பார்த்துக்கொண்டே ஒருவர் தலைமாட்டில் நின்றிருந்தார். மருந்து கையில் இருந்தது. மாமன் இப்போது நன்றாகச் சாப்பிடுகிறார். அவள் முழுக்க நம்பினாள் என்று சொல்லமாட்டேன். அழுகை நின்றது.

பேராசிரியர் இன்னொன்றையும் சொன்னார். முதுகிலிருந்து இதயத்திற்கு நரம்பு ஒரு வழி. சிரை இன்னொரு வழி. இது சிமெண்டின் கதை! முதுமையில் எலும்பு மெலிந்து முள்ளெலும்பு நொறுங்கினால், அதற்குள் ஊசியால் ஒருவகைப் பிளாஸ்டிக் சிமெண்டைச் செலுத்தி இறுகச் செய்யும் முறை உண்டு. 1984இல் பிரான்சின் அமியான் நகரில் தொடங்கியது. இளகிய நிலையில் செலுத்தும் சிமெண்டு, எலும்பைச் சூழ்ந்த சிரைகளுக்குள் சில வேளை கசிந்துவிடும். இச்சிரை வலையில் பின்னோட்டத்தைத் தடுக்கும் வால்வுகள் இல்லை என்பதை ஆஸ்கர் பேட்சன் 1940இலேயே காட்டியிருந்தார். கசிந்தது பெருஞ்சிரை வழியே இதயத்தின் வலப்புறம் போய்ச் சேரும். பெரும்பாலும் சிறு துணுக்குகள்தாம். பலருக்கு ஒரு தொல்லையும் தருவதில்லை. ஆனால் 2021இல் அமெரிக்க மருத்துவ இதழ் ஒன்று வெளியிட்ட செய்தியில், இத்தகைய சிகிச்சை முடிந்த ஒரு வாரத்தில் 56 வயதுள்ள ஒருவர் நெஞ்சுவலியோடு வந்தார். பத்துச் சென்டிமீட்டர் நீளமுள்ள இறுகிய சிமெண்டுக் குச்சி அவர் இதயத்தின் வலது மேலறையைத் துளைத்து, வலது நுரையீரலையும் குத்தியிருந்தது. மார்பைத் திறந்து அதை எடுத்தார்கள்; ஒரு மாதத்தில் அவர் ஏறத்தாழ முழுதும் தேறினார். அவருக்கு முதுகில்தான் சிகிச்சை நடந்தது என்பதை மறந்து, நெஞ்சுவலியை நெஞ்சோடு மட்டும் முடிச்சுப்போட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்?

இனி அந்தத் தாளுக்கு வருகிறேன். அது தமிழில் அச்சிட்ட ஒப்புதல் படிவம். என் தந்தை மூன்றாம் வகுப்புவரை படித்தவர். பஸ் போர்டை எழுத்துக் கூட்டிப் படிப்பார். ஆனாலும் தாளை என்னிடம் நீட்டி, “படிப்பா” என்றார். படித்தேன். தலைவலி வரலாம் என்றிருந்தது, படித்தேன். சிறுநீர் கழிக்கச் சிரமம் ஏற்படலாம் என்றிருந்தது, படித்தேன், சிரித்தார். அடுத்த வரியில், மிக அரிதாக நாடித்துடிப்பு குறையவும் இதயம் நின்றுபோகவும் கூடும் என்றிருந்தது. அந்த வரியை நான் படிக்கவில்லை. கேட்டால் எழுந்து வீட்டுக்குப் போய்விடுவார் என்று பயந்தேன்; போய்விட்டால் மறுபடி அழைத்துவர முடியாது என்றும் பயந்தேன். “அவ்வளவுதானா?” என்றார். “அவ்வளவுதான்” என்றேன். கையெழுத்துப் போட்டார்.

சிமெண்டுப் பெஞ்சில் பெரியப்பா என்னைக் கேட்டபோது நான் விழித்ததற்கு, விடை தெரியாதது மட்டும் காரணமன்று.

இதைப் பல வாரங்கள் மறைத்துவைத்திருந்தேன். சென்ற மாதம் அப்பாவுக்கு இடப்பக்கமும் குடலிறங்கியிருப்பது தெரிந்தது. மறுபடி அறுவை, மறுபடி அந்தத் தாள். அன்றிரவு சொல்லிவிட்டேன். அவர் கோபிக்கவில்லை. பீடியைப் பற்றவைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார்.

“மூட்டையில என்ன இருக்குன்னு சொல்லாம முதுவுல ஏத்துனா, காலை எப்படி ஊன்றதுன்னு எனக்கு எப்படிப்பா தெரியும்? உப்புன்னா ஒரு மாதிரி குனியணும், பருத்தின்னா ஒரு மாதிரி” என்றார். பிறகு, “அந்த வரியை இப்பப் படி” என்றார். தாள் என்னிடம் இல்லை. மனத்திலிருந்து சொன்னேன்; ஒரு சொல் விடவில்லை.

ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்பும்போது கொடுத்த சீட்டில் டாக்டர் ஆங்கிலத்தில் எழுதியிருந்ததை ஒரு சிறு தாளில் தமிழில் பெயர்த்து எழுதிக் கொடுத்தேன்: ‘ஓய்வில் நாடி 52. சென்ற முறை முதுகில் ஊசி போட்டபின் 30க்குக் கீழே இறங்கியது. அட்ரோப்பினும் எஃபெட்ரினும் கொடுத்துச் சரியாயிற்று.’ முன்கூட்டியே இதைத் தெரிவித்தால் மருந்துகளை ஊசிக்குழாயில் ஏற்றித் தயாராக வைத்துக்கொள்வார்கள். முழு மயக்கம் மேலா என்றும் அவர்களே யோசித்துச் சொல்வார்கள். பருவத்தேர்வு முடிந்த வாரத்தில் அறுவைக்கு நாள் கொடுத்திருக்கிறார்கள்.

அப்பா அந்தத் தாளை விளக்கடியில் பிடித்து எழுத்துக் கூட்டிப் படித்தார். “அட்... ரோப்... பின். இது என்னப்பா?” என்று கேட்டார். சொன்னேன். மடித்து, சங்க அட்டையோடு சேர்த்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.